மக்காச்சோளம் பெட்ரோலுக்குப் போனால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தலைவாசல் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறேன். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகள் வாங்க ஆரம்பித்ததும் விலை கொஞ்சம் நிமிர்ந்தது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மச்சான், 'கோழி வாயிலிருந்து பிடுங்கி வண்டிக்கு ஊத்துறீங்க' என்று சண்டைக்கு வருகிறார். அமெரிக்காவிலும் இதே சண்டைதானாமே, நியாயம் யார் பக்கம்?
– ஒரு விவசாயி, தலைவாசல்

பதில்: அதே சண்டைதான், அங்கே இருபது வருடமாக நடக்கிறது. பெட்ரோலில் எத்தனால் மாதிரி உயிரி எரிபொருள் இவ்வளவு கலந்தே ஆக வேண்டும் என்று 2005-ல் சட்டம் போட்டார்கள், 2007-ல் அந்த அளவைப் பல மடங்கு கூட்டினார்கள். இன்று அங்கே விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. எதிர்த்து நிற்பவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கோழி, மாடு வளர்ப்பவர்கள், எண்ணெய் கம்பெனிகள், சுற்றுச்சூழல் இயக்கங்கள் என்று வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் ஒரே பக்கம். எத்தனால் பெட்ரோலைவிடக் கார்பனைக் குறைக்கிறது என்கிறது அந்த நாட்டு வேளாண் துறை. புதிதாக உழுத நிலத்தையும் கொட்டிய உரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் குறையவே இல்லை, கூடியே இருக்கலாம் என்றது 2022-ல் வந்த ஓர் ஆய்வு.

இத்தனை எதிர்ப்பு இருந்தும் சட்டம் அசையவில்லை, ஏனென்றால் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வு பல காலம் முதலில் தொடங்கியது அயோவா மாநிலத்தில், அது மக்காச்சோள மாநிலம். அங்கே போய் எத்தனால் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அந்தச் சட்டத்துக்கு முன்பே, துணை ஜனாதிபதியாக இருந்தபோது எத்தனாலை ஆதரித்த அல் கோர், அது நல்ல கொள்கை அல்ல என்று 2010-ல் ஒப்புக்கொண்டார், அயோவா விவசாயிகள் மேல் தனக்கிருந்த தேர்தல் பாசமும் ஒரு காரணம் என்றே சொன்னார்.

நம் கதை வேறு. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, நமக்கு உத்தரவுதான் இருக்கிறது. கரும்பு குறைந்து சர்க்கரை போதாது என்ற பயத்தில் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், ஆலைகள் மக்காச்சோளத்தைத் தேடி வந்தன, உங்கள் மூட்டைக்கு மதிப்பு வந்தது. அப்புறம் 2025 ஜனவரியில் இந்திய உணவுக் கழக அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு ஆலைகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். மலிவாக அரிசி கிடைத்தால் ஆலைக்காரர் உங்கள் காட்டுக்கு ஏன் வரவேண்டும்? உத்தரவில் ஏறிய விலை உத்தரவிலேயே இறங்கும் என்பதுதான் என் பயம்.

மச்சான் சொல்வதும் பொய்யில்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம்தான். ஆலையில் வடித்தபின் மிஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்பி வரும் என்பார்கள், வரும்தான், ஆனால் மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் சக்கையில் அது மூன்று மடங்காகச் சேரும், பண்ணைக்காரருக்கு அந்தக் கவலை நியாயமானது. அதற்காக வேறு வாங்க ஆளில்லாத காலத்து விலையிலேயே நீங்கள் கடைசிவரை விற்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கக் கூடாது. 2018-ல் படைப்புழு வந்து நம் ஜில்லாவில் காடு காடாக நாசமானபோது அந்த நட்டத்தைச் சுமந்தது நீங்கள்தானே.

அமெரிக்காவில் ஹெக்டேருக்கு 11 டன் எடுக்கிறார்கள், நாம் மூன்றரை டன்னைத் தாண்டவே திணறுகிறோம். ஒரு டன்னுக்குச் சுமார் 380 லிட்டர் எத்தனால், உங்கள் மூன்று ஏக்கரையும் மொத்தமாக ஊற்றினாலும் 1,600 லிட்டர் தேறுவது கஷ்டம். முதலில் விளைச்சலைக் கூட்ட வழி செய்யுங்கள், குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கமிட்டியில் உண்மையாகவே கொள்முதல் செய்யுங்கள் என்று நீங்களும் மச்சானும் சேர்ந்தே அரசிடம் கேட்கலாம். விளைச்சல் கூடினால் அவருக்கும் தீவனம் கிடைக்கும்.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பழைய ஸ்கூட்டரில் ஏறுகிறேன். 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் மைலேஜ் குறைவது நிஜமா, என் பிரமையா?
– எஸ்டேட் ஊழியர், ஏற்காடு

பதில்: பிரமை இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இந்தக் கலவையில் ஆறு, ஏழு சதவீதம் வரை குறையலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டியில் அது தெரியத்தான் செய்யும். பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய், கேஸ்கெட்டை மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் டேங்கை அரைகுறையாக வைத்து வண்டியை நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். சக்தி குறைந்த எரிபொருளுக்கு அதே விலை வாங்குவது சரியில்லை, குறைத்துத் தர வேண்டும்.

கேள்வி: ஜவ்வரிசிக்குப் போகும் நம் மரவள்ளிக் கிழங்கிலும் எத்தனால் எடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: எடுக்கலாம், 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையிலேயே மரவள்ளியும் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகள் விலையைக் குறைக்கும் வருடங்களில் வாங்க இரண்டாவது ஆள் இருப்பது நல்லதுதான். ஆனால் பத்து மாதம் காட்டில் நிற்கிற பயிர் இது, விலையை நடுவதற்கு முன்பே எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் கிழங்கைக் கொடுங்கள்.