கைக்குழந்தைக்கு ஊர் நர்சம்மா போதுமா, குழந்தை டாக்டரிடம்தான் போக வேண்டுமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமம். முதல் குழந்தை, பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. டெக்சஸில் இருக்கும் என் நாத்தனார் அவர் பிள்ளையை நர்ஸ் பிராக்டிஷனரிடம்தான் காட்டுகிறாராம், டாக்டரிடம் போவதே இல்லையாம். அதைக் கேட்டுவிட்டு மாமியார் நம்ம நர்சம்மாவே போதும் என்கிறார். என் வீட்டுக்காரரோ தடுப்பூசி உட்பட எல்லாம் மதுரையில் குழந்தை டாக்டரிடம்தான் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

இரண்டு பேருமே வேண்டும். எதற்கு யாரிடம் போவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி, எடை, தாய்ப்பால், வளர்ச்சி இதற்கெல்லாம் நர்சம்மா. உடம்புக்கு முடியவில்லை என்றால், அதுவும் மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்கு என்றால், டாக்டர். திருமங்கலம் பக்கம் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் நாத்தனார் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. நர்ஸ் பிராக்டிஷனர் என்பது 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய படிப்பு. டாக்டர் கிடைக்காத ஊர்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலையில் வந்தது. இன்று அங்கே நர்சிங் பட்டத்துக்கு மேலே முதுகலையும் முடித்து, தனித் தேர்வு எழுதி, உரிமம் வாங்கியவர்தான் அந்த வேலையில் இருக்க முடியும். அவர் குழந்தையைச் சோதித்து, நோய் இன்னதென்று முடிவு செய்து, மருந்தும் எழுதலாம். டெக்சஸில் மருந்து எழுத ஒரு டாக்டருடன் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். நம் நாட்டில் செவிலியர் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கும் பேறுகாலத்துக்கும் இதே பெயரில் படிப்பு கொண்டுவந்திருக்கிறது. ஆனால் தனியாக உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஓ.பி. பார்க்கிற நர்ஸ் பிராக்டிஷனர் நம் பக்கத்தில் கிடையாது. நம் கிராம சுகாதாரச் செவிலியரின் பயிற்சி வேறு, வேலை வேறு.

அதற்காக அவரைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. நீங்கள் கர்ப்பமானதும் அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மி எண் பதிந்தவர் அவர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் ரத்த அழுத்தம் பார்த்தவர் அவர். உங்கள் வீட்டுக்குள் வந்து குழந்தை எங்கே படுக்கிறது, யார் சீனித்தண்ணி கொடுக்கிறார்கள், யார் வசம்பு உரைத்து ஊற்றுகிறார்கள் என்று பார்த்து, மாமியாரிடம் பக்குவமாகப் பேசி நிறுத்த வைக்கிறவரும் அவர்தான். மதுரையில் டோக்கன் போட்டுக் காத்திருந்து ஐந்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு, அவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும், இதெல்லாம் தெரிய வழி இல்லை.

என் மூத்தவனுக்கு முதல் மாதம் எடை சரியாக ஏறவில்லை. நகரத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பால் போதவில்லை, பவுடர் பால் கொடுங்கள் என்று டப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் நர்சம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப என் முன்னாடி பால் குடு தாயி, பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்தான். காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கக் காட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகு மறுபக்கம் மாற்றச் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களில் எடை ஏறியது. டப்பா வாங்கவே இல்லை. பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வருவதும் இயல்புதான். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மாதாமாதம் ஒரே ஆள் எடை போட்டு அட்டையில் குறித்து வந்தால் அது தானாகத் தெரிந்துவிடும்.

தடுப்பூசி விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கும் சந்தேகம் புரிகிறது. இலவசம் என்றால் மட்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியான பென்டாவேலன்ட் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் 2011 டிசம்பரில் வந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் போட்டுவந்த நிமோனியா தடுப்பூசியும் 2021 முதல் அரசு நிலையங்களில் இலவசம். தனியாரில் 'வலியில்லா ஊசி' என்று ஒன்று சொல்வார்கள். அதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அவ்வளவுதான். அரசு ஊசியின் பாதுகாப்பு அதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஃப்ளூ, டைபாய்டு, சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ போன்றவை அரசுப் பட்டியலில் இல்லை. கையில் காசு இருந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இனி டாக்டர் விஷயம். இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். என் மகளுக்கு இரண்டு மாதம்கூட ஆகாதபோது சளி பிடித்தது. வீட்டில் எல்லோரும் துளசிச் சாறு என்றார்கள். நர்சம்மா சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினார். "அறுபதுக்கு மேல போகுது, இங்க வச்சுக்க வேணாம்" என்று அவரே 108ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். நிமோனியா. ஆக்சிஜன் வைத்துப் பார்த்தார்கள், பிழைத்து வந்தாள். டாக்டர் இல்லாமல் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது. நர்சம்மா எண்ணியிருக்காவிட்டால் டாக்டரிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் மாட்டோம்.

இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும், அதன் பிறகு ஒரு வயது வரை ஐம்பதும் அதற்கு மேலும் மூச்சு வாங்கினால் உடனே கிளம்புங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிட்டுப் போவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்குவது, மூன்று மாதத்துக்குள் (தடுப்பூசி போட்ட ஓரிரு நாள் தவிர) 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், இதில் எது வந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உரம் விழுந்துவிட்டது, தொக்கம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து பிள்ளையைக் கையில் கொடுக்காதீர்கள். மெடிக்கலில் கேட்டு மருந்து வாங்கி ஊற்றுவதும் வேண்டாம். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று போட்ட சிரப்பில் ஒரு மில்லிக்கு 24தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். எடையைச் சொல்லி, பாட்டிலையும் காட்டி, எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள்.

குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் தொடக்கத்திலிருந்தே குழந்தை டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவும் அதற்குக் குறைவுமாகவோ பிறந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் கண்ணின் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அந்தச் சோதனை உண்டு. தள்ளிப்போட்டால் பார்வை போய்விடக்கூடும்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது போர்டில் எம்.டி. குழந்தை மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவ டிப்ளமோவான டி.சி.எச். இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் தூரம். மதுரை கே.கே. நகரில் பெயர் பெற்ற டாக்டர் இருக்கலாம், ஆனால் நடுராத்திரியில் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் குழந்தை டாக்டர் எந்த நேரம் இருப்பார், இரவில் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாரம் என்கிறீர்கள். ஆறு வாரம் நிறைந்ததும் வருகிற புதன்கிழமை தடுப்பூசிக்குப் போங்கள். வாயில் போலியோவும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும், பென்டாவேலன்ட், போலியோ, நிமோனியா என மூன்று ஊசிகளும் போடுவார்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று ராத்திரி காய்ச்சல் வருவது சகஜம், என்ன கொடுப்பது என்று நர்சம்மாவே சொல்வார். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தாலோ ஊசிக் காய்ச்சல்தானே என்று விட்டுவிடாமல் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.