செப்டம்பரில் ரட்லண்ட் ஏரி: டிரவுட் தூண்டில் கேள்வி பதில்

இங்கிலாந்தின் பெரிய குடிநீர் ஏரிகளில் ஃப்ளை (பூச்சியோ பொடிமீனோ போலச் செய்த தூண்டில் முள்) கட்டி டிரவுட் பிடிப்பவர்களுக்குச் செப்டம்பர் தனி மாதம். ரட்லண்ட், கிராஃபம், ச்யூ வேலி ஏரிகளைப் பற்றி வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எனக்கு நன்கு பழக்கமானது ரட்லண்ட் என்பதால் பேச்சு அடிக்கடி அங்கேயே போகும்.

ஐயா, ஆகஸ்ட் முழுக்க லெஸ்டரிலிருந்து போய்ப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். செப்டம்பரில் அப்படி என்ன மாறிவிடும்?

தண்ணீர் மாறும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் அளவே ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் அது 11 மில்லிகிராமைத் தாண்டும். டிரவுட் குளிர்நீர் மீன், அதற்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆகஸ்டில் மேல்நீர் சூடாகிவிடுவதால் அது ஆழத்தில், நடு ஏரியில் ஒதுங்கிக் கிடக்கும். கரையிலிருந்து வீசுபவருக்கு எட்டவே எட்டாது.

செப்டம்பரில் இரவுகள் குளிர்கின்றன. மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, காற்றும் சேர்ந்து ஏரியைக் கலக்கிவிடுகிறது. மீன் மேலே வரும், கரையை ஒட்டியும் வரும். தீனி அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீச்சில் குறை இல்லை. இதே கரைக்கு இந்த மாதம் காலை வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள்.

டாடி லாங்லெக்ஸ் ஃப்ளைதான் செப்டம்பருக்கு ராஜா என்கிறார்கள். நான் கட்டிப் போட்டேன், மீன் தண்ணீரை அடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லை.

ஒரு கொசுவைப் பல மடங்கு பெரிதாக்கிக் கால்களை இன்னும் நீட்டிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் டாடி. இதன் புழு புல்வெளியில் மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை பூச்சியாகி வெளியே வரும். வறண்ட கோடைக்குப் பின் நல்ல மழை பெய்து மண் ஈரமானால் திரளாகக் கிளம்பும். பறப்பதில் படுமோசம். கொஞ்சம் காற்றடித்தாலும் புல்லிலிருந்து தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிடும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை. பலர் காற்று போய் மோதும் கரையில் நிற்கிறார்கள். டாடிக்கு அது சரியில்லை. காற்று வரும் பக்கத்துப் புல்வெளிக் கரைதான் வேண்டும். காற்று உங்கள் முதுகில் படட்டும். கரையோரம் நீர் சலனமில்லாமல் கிடக்கும், சற்றுத் தள்ளிச் சிற்றலை தொடங்கும். அந்த விளிம்பில்தான் பூச்சி விழும், மீனும் அங்கேதான் ரோந்து வரும். ரட்லண்டில் தென்மேற்குக் காற்று அடிக்கடி வீசும். அப்போது ஹாம்பிள்டன் தீபகற்பத்தின் வடக்குப் பக்கம் எனக்குப் பிடித்த இடம். காலையில் கரைப்புல்லில் நடந்து பாருங்கள். காலடியில் டாடிகள் கிளம்பினால் அன்றைய ஃப்ளை எது என்ற கேள்விக்கே இடமில்லை.

இப்போது மாட்டாத விஷயம். டிரவுட் பல நேரம் டாடியை முதலில் அடித்து நீரில் அமிழ்த்திவிட்டு, திரும்பி வந்துதான் வாயில் எடுக்கும். தண்ணீர் தெறித்ததும் நீங்கள் கம்பைத் தூக்கினால் மீன் வாயிலிருந்து அல்ல, மீன் முகத்துக்கு முன்னாலிருந்து ஃப்ளையைப் பிடுங்குகிறீர்கள். கையைக் கட்டுங்கள். மிதக்கும் லைன் (தூண்டில் கயிறு) நகரத் தொடங்கும், அப்போது தூக்குங்கள். இந்த ஒரு விநாடி பொறுமையை நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்! மிதக்கும் டாடியை எடுக்காத நாளில் நனைத்து மூழ்கவிட்டு மெல்ல இழுங்கள். மூழ்கிய டாடிதான் அதிக மீன் தருகிறது என்பது என் கருத்து.

அண்ணை, நான் பீற்றர்பரோவில இருக்கிறன். பின்னேரத்தில கரையோரமா பெரிய மீன் அடிக்குது, பொடிமீன் எல்லாம் சிதறிப் பாயுது. நான் என்ன போட்டாலும் திரும்பியும் பாக்குதில்லை. ஏன்?

தம்பி, வருடத்தின் மிகப் பெரிய மீனைப் பிடிக்கும் வாய்ப்பு உங்கள் காலடியில் நிற்கிறது. வசந்தத்தின் கடைசியில் பொரித்த ரோச், பெர்ச் என்ற மீன்களின் குஞ்சுகள் இப்போது விரல் நீளம் வளர்ந்து, நீர்ப்பாசிக் கூட்டத்துக்குள் ஒளிந்து வாழ்கின்றன. செப்டம்பர் போகப் போகப் பாசி அழுகிச் சாய்கிறது, ஒளிய இடம் குறைகிறது. டிரவுட் கூட்டத்துக்குள் பாய்ந்து கலக்கும். அந்த அடியில் சில குஞ்சுகள் மயங்கி மேலே மிதக்கும். பிறகு அதே மீன் நிதானமாகத் திரும்பி வந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கும்.

நீங்கள் அநேகமாக வெள்ளை லூரை, அதாவது பொடிமீன் போல ஓடும் பெரிய ஃப்ளையை, கட்டி வேகமாக இழுத்திருப்பீர்கள். ஆயிரம் குஞ்சுகள் ஓடும்போது இன்னொன்று ஓடினால் அதற்கு என்ன மதிப்பு? மிதக்கும் பொடிமீன் ஃப்ளையைப் பாசியின் ஓரத்தில் வீசிவிட்டு இழுக்காமல் விடுங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம்கூட அப்படியே கிடக்கட்டும். செத்துக் கிடக்கும் குஞ்சு போலத் தெரிய வேண்டும். லைன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் நூலான லீடர் கனமாக இருக்கட்டும், 10 பவுண்டு இழுவைக்குக் குறையாமல் தாங்க வேண்டும். பாசிக்குள் பாயும் மீனை மெல்லிய நூலில் இழந்தால், அது முள்ளோடும் நூலோடும் திரிய வேண்டியிருக்கும்.

இடம் தேடுகிறீர்களானால் படகு கட்டும் துறை, நீர் எடுக்கும் கோபுரம், பாசி நிறைந்த விரிகுடா. பகலில் அமைதியாக இருந்த இடம் அந்தியில் கொதிக்கும்.

வெயில், காற்றே இல்லை, ஏரி கண்ணாடியாய்க் கிடக்கிறது. வீட்டுக்குப் போய்விடலாமா?

போக வேண்டாம், ஆழத்தை மாற்றுங்கள். டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சிக் கூட்டம் வெளிச்சத்துக்கு ஒதுங்கிக் கீழே இறங்கும், மேகம் மூடினால் மேலே வரும். அதைத் தின்னும் ரெயின்போ வகை டிரவுட்டும் கூடவே ஏறி இறங்கும். மூழ்கும் லைனைப் போட்டு விநாடிகளை எண்ணுங்கள். எந்த எண்ணிக்கையில் இழுப்பு வந்ததோ அதே எண்ணிக்கைக்கு அடுத்த வீச்சையும் விடுங்கள். கரையில் நிற்பவர் முழங்கால் ஆழத் தண்ணீரில் கோரிக்சா என்ற நீர்ப்பூச்சியைப் போன்ற ஃப்ளையை முயலலாம். அந்தப் பூச்சி காற்று எடுக்க அடிக்கடி மேலே வந்து போகும். ஆகவே ஃப்ளையை மூழ்கவிட்டு ஒரே சீராக மேலே இழுங்கள்.

படகா, கரையா?

செப்டம்பரில் கரையே போதும். ரட்லண்ட் சுமார் 3,100 ஏக்கர். படகில் ஏறினால் ஏரியின் அளவே புதியவரைத் திணறடிக்கும். படகில் போவதென்றால் பழகியவர் ஒருவரோடு போங்கள். உயிர்காப்பு அங்கி அணியுங்கள், எழுந்து நின்று வீசாதீர்கள்.

தொடங்க என்ன கருவி வாங்குவது? உரிமம் வேண்டுமா?

10 அடி, 7ஆம் எண் (லைனின் கனத்தைச் சொல்லும் எண்) கம்பு ஒன்று. மிதக்கும் லைன் ஒன்று, மெல்ல மூழ்கும் லைன் ஒன்று. டாடி, டியால் பாக், ஃபெசன்ட் டெய்ல், கோரிக்சா, மிதக்கும் பொடிமீன் ஆகிய ஃப்ளைகள் இருந்தால் மாதத்தை ஓட்டலாம். இங்கிலாந்தில் 13 வயதாகிவிட்டால் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் கட்டாயம். 13 முதல் 16 வயது வரை அது இலவசம், ஆனால் எடுத்தே ஆக வேண்டும். ஏரியின் நாள் அனுமதிச்சீட்டு தனி.

பிடித்ததை விடுவதா, சமைப்பதா?

இரண்டும் சரிதான், எதையென்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விடுவதானால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்குங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே கழற்றுங்கள். மாதத் தொடக்கத்தில் வெயில் நீடித்துத் தண்ணீர் இன்னும் 20 டிகிரியை ஒட்டி இருந்தால், நீண்ட நேரம் போராடிய மீன் விட்டாலும் பிழைப்பது கடினம். அப்படிப்பட்ட நாளில் அனுமதித்த அளவை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டிவிடுவதே நியாயம். சமைப்பதானால் உடனே குடலெடுத்துப் பனிக்கட்டிப் பையில் வையுங்கள். மிளகு, மஞ்சள், உப்புத் தடவி வறுத்தாலே போதும். குடலெடுக்கும்போது வயிற்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து எந்த ஃப்ளையைக் கட்டுவது என்பதற்கு அதைவிட நல்ல யோசனை யாரும் தர முடியாது.

நான் ஊட்டிக்காரன் சார். அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் இந்த முறை செல்லுமா?

மீன் அதே இனம்தான். நீலகிரிக்கு ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் எச். சி. வில்சன், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். அவலாஞ்சிக் குஞ்சுப் பொரிப்பகம் அந்த முயற்சியின் விளைவு. ஆனால் அங்கே செப்டம்பர் என்றால் தென்மேற்குப் பருவமழையின் கடைசிக்கட்டம். நீர் ஏறியிருக்கும், ஓடைகள் மண்ணைக் கரைத்துக் கொண்டுவரும். இங்குள்ள நாட்காட்டியை அங்கே அப்படியே பொருத்த முடியாது. அனுமதி வாங்கிய பிறகே தூண்டிலைத் தொடுங்கள். மீனின் வயிற்றைப் பார்க்கும் பழக்கம் மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

கரையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படலம் மிதக்கிறது. ஆபத்தா?

நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், சில வகைகள் நஞ்சு. காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரே கரையில் குவிக்கும். அங்கே இறங்காதீர்கள், நாயை விடாதீர்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கில்லர் ஷ்ரிம்ப் எனப்படும் அயல்நாட்டு இறால் வகை, பிரிட்டனில் முதன்முதலில் 2010 செப்டம்பரில் கிராஃபம் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர்ப் பூச்சிகளை வேட்டையாடி அழிக்கும் உயிர் அது. ஈரமான வலையிலும் பூட்ஸிலும் ஒட்டி அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஏரியை விட்டுக் கிளம்புமுன் வலை, பூட்ஸ், பை எல்லாவற்றையும் பாருங்கள், கழுவுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். காயாத வலையோடு யாரும் வேறு ஏரிக்குப் போகாதீர்கள்.