முழங்கை வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 44. மூன்று மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. துணி பிழியவோ தோசைக்கல்லைத் தூக்கவோ முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வது 'டென்னிஸ் எல்போ' போலத் தெரிகிறது. டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

முழங்கையின் வெளிப்பக்கம் தடவினால் ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அங்கேதான் ஒட்டியிருக்கிறது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நிறுத்துவதும் இந்தத் தசைகளே. துணி பிழிந்தால் முழங்கை வலிப்பது அதனால்தான். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தசைநாண் அதில் தெரியாது.

கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க முஷ்டியை மூடி, மணிக்கட்டை மேலே தூக்குங்கள். இன்னொருவர் அதைக் கீழே அழுத்தும்போது அந்தப் புடைப்பில் சுரீரென்று வலித்தால் பெரும்பாலும் இதுதான்.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் அழற்சியைவிட தசைநாணின் இழைகள் நைந்துபோனதே முக்கியக் காரணம். அழற்சியைத் தணிக்கும் மருந்தான ஸ்டீராய்டு முதல் சில வாரங்கள் நன்றாகவே வலியைக் குறைக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போடாமல் பொறுத்திருந்தவர்களின் நிலையே மேல். ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்புவது அதிகம். நைந்த இழை வலுப்பட அதற்கு அளவான வேலை கொடுக்க வேண்டும்.

முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மட்டும் 5 விநாடியில் மெதுவாக இறக்குங்கள். தூக்குவதையும் அதே கையால் செய்துவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. 10 முதல் 15 முறை, 3 சுற்று, தினம் ஒரு வேளை. பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் விட்டுவிடாதீர்கள்.

அதுவரை துணியைப் பிழியாமல் நீர் வடியவிட்டுக் காயப்போடுங்கள். பாத்திரங்களை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, இரண்டு கையாலும் தூக்குங்கள். எல்போ பட்டை வாங்கினால் புடைப்பின்மேல் கட்டக் கூடாது. இரண்டு விரற்கடை கீழே, முன்கையின் சதைமேல் கட்ட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், முழங்கையின் உட்பக்க நரம்பு நசுங்கியிருக்கலாம். கழுத்து வலியோடு கட்டைவிரல் பக்கம் கூச்சம் இருந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கை பலமிழந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாற்றமே இல்லையென்றால், ஸ்கேன் எடுத்து எலும்பு மருத்துவரிடம் அடுத்த கட்டத்தைப் பேசலாம்.