ஜமாஅத் மத்தியஸ்தம்: கேளுங்கள், சொல்கிறேன்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தில் (ஊர் முஸ்லிம்களின் நிர்வாக அமைப்பு), வழக்குப் பேசித் தீர்க்கும் குழுவில் பல வருடமாக உட்காருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருவிதாங்கோட்டிலிருந்து: காக்கா (அண்ணே), தங்கச்சிக்கும் மச்சானுக்கும் ஒத்துப் போகவில்லை. மச்சான் வீடு கேரளத்தில் பாலராமபுரம். எந்த ஜமாஅத்தில் பேசுவது?

எடுத்த எடுப்பில் ஜமாஅத்துக்குப் போக வேண்டாம். அவர் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்கிறது குர்ஆன் 4:35. இரண்டு பேர்தான், இருபது பேர் இல்லை. கூட்டம் கூடினால் அது மானப் பிரச்சினை ஆகிவிடும், அப்புறம் யாரும் இறங்கி வர மாட்டார்கள். பேசி முடித்ததைத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று எழுதி, இரண்டையும் சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். 'படிக்கத் தெரியாமல் ஒப்பு போட்டேன்' என்ற பேச்சு இந்தப் பக்கம் ரொம்ப சகஜம்.

குலசேகரத்திலிருந்து: வாப்பாவும் உம்மாவும் இல்லை. 50 சென்ட் ரப்பர் தோட்டம். இரண்டு காக்காமார், நான் ஒரு பெண். 'விட்டுக்கொடு, சமாதானமே சிறந்தது என்று குர்ஆனே சொல்கிறது' என்கிறார்கள்.

சொல்கிறதுதான், 4:128. ஆனால் அங்கே பேச்சு கணவன் மனைவி பற்றியது. தங்கச்சி வாயை அடைக்க இறங்கிய வசனம் இல்லை அது. கடனும் வஸிய்யத்தும் (உயில்) போக, வேறு வாரிசு இல்லையென்றால் மொத்தம் 5 பங்கு. காக்காமாருக்கு இரண்டிரண்டு, உங்களுக்கு ஒன்று, அதாவது 10 சென்ட். ஹலாலை (அனுமதிக்கப்பட்டதை) ஹராமாக்கும் (தடுக்கப்பட்டதாக்கும்), ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்று திர்மிதி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

அதற்காக நிலமாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பணமாக வாங்கிக்கொண்டு விலகலாம், மனமுவந்து விட்டும் கொடுக்கலாம். ஆனால் தன் பங்கு எவ்வளவு, இன்றைக்கு என்ன விலை போகும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இப்படி வழக்கு வந்தால் நான் பெண்ணைத் தனி அறையில், அவர் நம்பும் மாமி ஒருவரை உடன் வைத்துத்தான் கேட்பேன். சபையில் 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்றவர்கள் அங்கே வேறு பேச்சு பேசுவார்கள். சண்டையிடும் இரு தரப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லும் 49:9, 'நீதியோடு' என்று சேர்த்தே சொல்கிறது. நம் ஆட்களோ முஸாஃபஹா (கைகுலுக்கல்) செய்ய வைத்து, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த பெருநாளுக்குள் அதே வழக்கு வாசலில் நிற்கும்.

குளச்சலிலிருந்து: சேர்த்து வைக்கப் பொய் சொல்லலாமாமே?

மக்களிடையே இணக்கம் உண்டாக்க நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யர் அல்ல என்று உம்மு குல்தூம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி தொகுப்பில் உண்டு. 'உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார்' என்பது வரை சரி. பாக்கித் தொகையைக் குறைத்துச் சொல்வதெல்லாம் இதில் வராது.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, நான் கிறிஸ்தவன். எங்கள் தெருவில் பள்ளிவாசலுக்கும் ஆலயத்துக்கும் மைக்செட் தகராறு. உங்கள் முறை இதற்கு உதவுமா?

உதவும். ஒரு கூட்டத்தார் மேலுள்ள வெறுப்பு உங்களை நீதி தவற வைக்கக் கூடாது என்கிறது குர்ஆன் 5:8. 628-இல் மக்காவாசிகளோடு ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதும்போது, 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை எதிர்த்தரப்பு சுஹைல் ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அதை அழித்து, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுத வைத்தார்கள். தோழர்களுக்கே அது கசந்தது. நீங்களும் நேரம், சத்தம், குழாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் பேசுங்கள். இந்தத் தெருவுக்கு யார் முதலில் வந்தது என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

களியக்காவிளையிலிருந்து: கணவர் அடிக்கிறார். சேர்ந்து வாழச் சொல்கிறார்கள்.

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பயந்துகொண்டு உட்காரும் இடத்தில் மத்தியஸ்தம் நடக்காது.

தக்கலையிலிருந்து: ஜமாஅத் தீர்ப்பு கோர்ட்டில் செல்லுமா?

அது தீர்ப்பே இல்லை. வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம் நடத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. இருவரும் மனமொத்துச் செய்த ஏற்பாடு என்ற அளவில்தான் அதற்கு மதிப்பு. கெட்டியாக வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்து முடியுங்கள். கட்டணம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. அதனால் எழுதியதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போங்கள்.