பதில்: ஜப்பானிய மொழியின் 'ஹஷிரு' (ஓடு) வினையின் ஏவலும் பிறவினையும்

'ஓடு' என்பதற்கு 'ஹஷிரோ' என்றும், 'ஓட வை' என்ற பொருளில் 'ஹஷிஸஸெரு' என்றும் எழுதியபோது இரண்டையும் ஆசிரியர் அடித்துவிட்டதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஈறு 'இரு' என்றிருப்பதால், 'தபெரு' (உண்) போன்ற வினைகளின் வகையில் இதையும் சேர்த்துவிட்டீர்கள். ஆனால் இது 'யொமு' (வாசி) வகையைச் சேர்ந்தது.

ஈற்றை நம்பாமல் எதிர்மறை வடிவத்தைப் பாருங்கள். 'ஹஷிரனய்' என்பதில் 'ர' வருவதால் 'னய்' நீக்கி 'ஸெரு' சேர்க்க 'ஹஷிரஸெரு' கிடைக்கும். 'தபெனய்' என்பதில் அப்படி எதுவும் இல்லாததால் 'ஸஸெரு' சேர்ந்து 'தபெஸஸெரு' ஆகும். ஏவலில் முதல் வகை எகரத்தில் முடியும் (ஹஷிரெ, யொமெ), இரண்டாவது 'ரோ' ஏற்கும் (தபெரோ). இதனால்தான் 'கிரு' என்ற ஒரே ஒலிப்பு, வெட்டு என்னும் பொருளில் 'கிரெ' என்றும் உடுத்து என்னும் பொருளில் 'கிரோ' என்றும் பிரிகிறது. 'ஸுரு' (ஷிரோ, ஸஸெரு), 'குரு' (கொய், கொஸஸெரு) இரண்டையும் மனப்பாடம் செய்வதே வழி.

நீங்கள் எழுதி அனுப்பிய மூன்றாவது வாக்கியத்தில், செயப்படுபொருளைக் காட்டும் 'ஒ' உருபு இருமுறை வருகிறது. செயப்படுபொருள் ஏற்கெனவே அதைப் பெற்றிருந்தால், செய்விக்கப்படுபவர் 'னி' உருபையே ஏற்பார்: 'கொதொமொ னி ஹொன் ஒ யொமஸெரு', அதாவது குழந்தையைப் புத்தகம் வாசிக்க வைப்பது அல்லது வாசிக்க விடுவது, எது என்பதைச் சூழலே தீர்மானிக்கும்.

ஒன்று மட்டும்: இந்த ஏவல் மிகவும் கடுமையானது. ஜப்பானியச் சாலைகளின் நிறுத்தப் பலகையில் 'தொமரெ' என்றிருப்பது இயல்பே, ஆனால் ஆசிரியரிடம் பேசும்போது 'ஹஷித்தெ குதஸய்' என்ற வேண்டுகோள் வடிவத்தையே பயன்படுத்துங்கள்.