யானை பழசு, பேட்ஜ் பழசா?

கேள்வி: என் தாத்தா 1962-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 15 வருடம் பணியாற்றியவர். அவர் படத்தோடு வைத்து ஃபிரேம் போட ஆன்லைனில் ஒரு தொப்பி பேட்ஜ் வாங்கினேன். ‘1803 அசாயே போர்க்காலத்து அசல்’ என்று சொல்லி 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். யானை, குறுக்காக இரண்டு வாள், கீழே ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’. அவ்வளவு பழையதுதானா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இல்லை அம்மா. கீழே இருக்கும் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்திலுள்ள அசாயேயில் மராட்டியப் படையோடு மோதிய மதராஸ் சிப்பாய்ப் படைகளுக்கு எண்தான் பெயர். ‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என்பது 20-ஆம் நூற்றாண்டில் வந்த பெயர்.

பழசு அந்த யானைதான். அசாயே வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய கௌரவச் சின்னம் அது. கூட நின்று போரிட்ட ஸ்காட்லாந்துப் படைக்கும் கிடைத்தது. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்ற ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டின் பேட்ஜிலும் ‘அசாயே’ என்ற எழுத்தோடு யானை இருந்தது. கம்பெனிப் படையை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. ரெஜிமென்ட்டின் மையம் இருக்கிற நீலகிரி வெலிங்டன் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த யானைக்காக மதராஸ் சிப்பாய்களும் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துப் பொய் விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பேட்ஜைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த தகடு என்றால் முன்பக்க யானை பின்னால் குழிவாகத் தெரியும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் தந்தமும் தும்பிக்கையும் மழுங்கி, பரப்பு சொரசொரவென்று ஊசி குத்தினாற்போல இருக்கும். இந்தியாவில் வார்த்துச் செய்த அசல்களும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். உங்கள் வழக்குக்கு அந்த எழுத்தே போதும்.

விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். அதுவரை பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், வந்தபடியே இருக்கட்டும்.

தாத்தாவுக்காக வாங்குவதென்றால் 1803 எதற்கு? அவர் சர்வீஸில் இருந்தபோது எடுத்த போட்டோவில் தொப்பியைப் பெரிதாக்கிப் பார்த்து, அதே மாதிரி பேட்ஜைத் தேடுங்கள்.