வீதியைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் எந்தத் திரை?

பண்டாரவளையில் பேக்கரி நடத்துவதாகவும், வீதியைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் விலைப்பட்டியல் ஓடும் திரையொன்றைப் பொருத்த விரும்புவதாகவும், அதற்கு வீட்டுத் தொலைக்காட்சி போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அட்டனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என் அனுபவத்தில், போதாது.

நானும் முதலில் 43 அங்குல வீட்டுத் தொலைக்காட்சியைத்தான் கண்ணாடியோரம் மாட்டினேன். பனிமூட்டமான காலைகளில் அழகாகத் தெரிந்த அதே திரையில், வெயில் ஏறியதும் எதிர்க்கடையின் தகரக் கூரைதான் தெரிந்தது. வருபவர்கள் நெற்றியில் கையை மறைப்பாக வைத்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி விலையைப் படித்தார்கள். சாதாரணத் தொலைக்காட்சியின் ஒளிர்வு பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) வரைதான். கடைகளின் பாவனைக்கென்றே செய்யப்படும் வணிகத் திரையைக் கடைக்குள் மாட்டினால் 500 நிட்ஸ் தாராளம். ஆனால் வெயில் விழும் கண்ணாடியில் வீதியைப் பார்த்து நிற்கும் திரைக்கு 2500 நிட்ஸ் அளவாவது வேண்டும், அதன் விலையும் மின்கட்டணமும் பல மடங்கு. ஆகவே அளவைத் தீர்மானிக்கும் முன், திரை தொங்கப்போகும் இடத்தில் நண்பகலிலும் பிற்பகலிலும் நின்று பாருங்கள். காசு வாங்கும் மேசைக்குப் பின்சுவரில், வாசலிலிருந்தே தெரியும்படி மாட்ட முடியுமானால், 500 நிட்ஸ் திரையே போதும். நான் இறுதியில் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது ஓடும் நேரம். வணிகத் திரைகளில் நாளொன்றுக்கு 16 மணித்தியாலம் ஓடக்கூடியவை, 24 மணித்தியாலமும் ஓடக்கூடியவை என்று வகைகள் உண்டு. அதிகாலையில் அடுப்பு மூட்டி இரவு வரை திறந்திருக்கும் பேக்கரிக்கு முதல் வகை சரியாக இருக்கும். எனது பழைய தொலைக்காட்சியில் ஒரே விலைப்பட்டியல் மாதக்கணக்கில் நின்றதால் அதன் நிழல் திரையிலேயே தங்கிவிட்டது. கடையில் பாவித்ததால் உத்தரவாதம் செல்லாது என்று விற்றவர்கள் கூறிவிட்டார்கள். திரையை நெட்டுக்குத்தாக மாட்டுவதானால், அப்படி மாட்டலாமென்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிடையாக வைக்க வடிவமைத்த தொலைக்காட்சியில் வெப்பம் வெளியேறும் வழி மாறிவிடும்.

எல்ஜி, சாம்சுங் வணிகத் திரைகள் பலவற்றுக்குள்ளேயே அவற்றை இயக்கும் வெப்ஓஎஸ், டைசன் மென்பொருள் இருப்பதால், பட்டியலை ஓடவிடத் தனிப் பெட்டி தேவைப்படாமல் போகலாம். எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் உங்கள் தமிழ்ப் பட்டியலை அதில் ஓடவிட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கருவியில் 'கொத்து ரொட்டி'யின் கொம்பு எழுத்தை விட்டு விலகித் தனியே நின்றது. நம் சனங்கள் படிக்கும் பலகையில் தமிழ் அப்படிச் சிதைந்து நிற்பதை ஏற்க முடியாது. பட்டியலைப் படமாக மாற்றி ஏற்றினால் சிங்களமும் தமிழும் பிழையின்றி வரும்.

நமது ஈரக்காற்றையும் இடிமின்னலையும் பற்றித் திரை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். சுவருக்கும் திரைக்கும் இடையில் காற்றோட்டம் விடுங்கள், நீராவி வரும் அடுப்புப் பக்கம் மாட்டாதீர்கள், மின்னெழுச்சித் தடுப்பானும் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) சரியான எர்த் இணைப்பும் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே, பிளக்கையும் வலையமைப்பு வயரையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.